செயலாளர் ஆண்டறிக்கை: ஒழுங்கு குலைந்த ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்து மாடிப்படியில் நிற்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பகடை உருட்டிக் கதை ஆடும் நம் சங்கம் ஞாயிறு மதியம் கூடுகிற வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும் விடுமுறை விட்டோம். ஒரே மேசையாக இருந்தவர்கள் இப்போது இரண்டு மேசை. நாற்காலி மட்டும் ஒரு மேசைக்குத்தான் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. நாம் ஆடுவது கம்ப்யூட்டர் கேம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவு சந்தேகமான இடத்தில் பகடை உருட்டுவார்கள். கதையில் எதிர்ப்படும் ஒவ்வொரு ஆபத்துக்கும் 'என்கவுன்ட்டர்' என்று பெயர். அந்தச் சொல்லை அப்படியே அறிவிப்புப் பலகையில் "இன்று மாலை 4 மணிக்கு என்கவுன்ட்டர், அனைவரும் வருக" என்று எழுதிவைத்தது என் தவறு. கீழ்க் கடைக்காரர் இரண்டு முறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து 'சந்திப்பு' என்றே எழுதுகிறோம்.

இந்த ஆண்டுக்குச் செயற்குழு எடுத்துக்கொண்ட பொருள், ஒழுங்கின்மையை மந்திரமாக வைத்துச் சந்திப்புகள் அமைப்பது. விஷயம் பழையதுதான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த விளையாட்டை வெளியிட்டபோதே பாத்திரங்கள் நிற்க மூன்று பக்கங்கள்தான்: ஒழுங்கு, நடுநிலை, குலைவு. நல்லவன் கெட்டவன் என்பது பிறகு சேர்ந்தது. குலைவின் பக்கம் நிற்கும் மந்திரம் எப்படி இருக்கும் என்று நாமாக யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தோம்.

ஆரம்பம் சொதப்பல். அதே விளையாட்டின் 2014 விதிகளில் 'வைல்ட் மேஜிக்' சோர்சரர் என்று ஒரு மந்திரவாதிப் பாத்திரம் உண்டு. அவர் மந்திரம் போட்டால், டிஎம் விரும்பினால் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லலாம். 1 விழுந்தால் நூறு எண் கொண்ட ஒரு பட்டியலில் இன்னொரு உருட்டு. முகத்தில் இறகுத் தாடி முளைக்கலாம், செடித்தொட்டியாக மாறிப்போகலாம், தன் தலையிலேயே நெருப்புக் குண்டு வெடிக்கலாம். முதல் ஞாயிறு முழுக்க 1 விழவே இல்லை. கணக்கே அதுதான், சராசரியாக 20 மந்திரத்துக்கு ஒரு தடவை. ஆகவே ஒவ்வொரு முறை தப்பும்போதும் ஆபத்து எண்ணை ஒன்று கூட்டினோம்: முதலில் 1 மட்டும், அடுத்து 1 அல்லது 2, அடுத்து 3 வரை. இப்படி வைத்தால் பெரும்பாலும் ஐந்தாறு மந்திரத்துக்குள் ஏதாவது வெடித்துவிடும். வெடித்தது. சிரித்தோம். மூன்றாவது வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "எப்படியும் பட்டியல்தான் முடிவு பண்ணப் போகுது, அப்புறம் நான் எதுக்குண்ணா யோசிக்கணும்?" என்றான். யாரிடமும் பதில் இல்லை. அன்று சீக்கிரமே கலைந்தோம்.

அவன் கேள்வியிலிருந்துதான் இந்த ஆண்டின் உருப்படியான வேலை எல்லாம் வந்தது. பட்டியல் தருவது வெறும் தற்செயல். குலைவது தெரிய வேண்டுமானால், குலைவதற்கு முன்னால் எல்லோருக்கும் பழகின ஒரு வரிசை மேசையில் இருக்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்குப் பழகின வரிசை எது? ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். எண்பலகை பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வாந்தி எந்த வளைவில் வரும் என்பது வரை தெரியும்.

கதையில் அதே மலை, தார் ரோடு மட்டும் கிடையாது. மிளகு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி மேலே போகிறது. ஆறாம் வளைவு தாண்டியதும் எண்கல் 9 என்கிறது. சரி, கல்லை யாரோ மாற்றி நட்டிருப்பார்கள் என்று போனால், அடுத்தது 12. அப்புறம் 9. அப்புறம் மறுபடி 6, கீழே பார்த்தால் அதே பலா மரம். இதற்கு ஒரு விதி வைத்திருந்தோம், சொல்லவில்லை. மேசையில் யார் எதற்காகப் பகடை உருட்டினாலும், இரட்டைப்படை விழுந்தால் வண்டி மூன்று வளைவு மேலே, ஒற்றைப்படை விழுந்தால் மூன்று வளைவு கீழே. காலேஜ் படிக்கும் உறுப்பினர் ஒருவர் நோட்டின் ஓரத்தில் விழுந்த எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். இரண்டாவது டீ வரும்போது, "யாரும் பகடையைத் தொடாதீங்க!" என்று ஒரு கத்து.

அதன் பிறகு நடந்ததை எந்த டிஎம்மும் எழுதிவைத்திருக்க முடியாது. 14-ஆம் வளைவில் கொள்ளைக்காரர்கள் வழிமறிக்கிறார்கள். வாள் வீசினால் உருட்ட வேண்டும், உருட்டினால் வண்டி நகரும். நம் ஆட்கள் சண்டை போடவே இல்லை. ஒருவர் மாட்டின் பல்லைச் சோதிக்க உருட்டினார், ஒருவர் எலுமிச்சம்பழம் நல்லதா என்று மோந்து பார்க்க உருட்டினார். இரண்டும் இரட்டைப்படை. வண்டி 20-ல் நிற்கிறது, கொள்ளைக்காரர்கள் 14-லேயே கத்தியோடு நிற்கிறார்கள். டிஎம் உருட்டுவதும் கணக்கில் சேரும் என்பதை அவர்கள் கண்டுபிடித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அன்று டிஎம் நான்தான்.

அடுத்து அம்மாபேட்டை உறுப்பினர் நடத்திய சிக்குக் கோலச் சந்திப்பு. ஏழு புள்ளி, இடைப்புள்ளி வைத்து நாலில் நிறுத்தினால் மொத்தம் 37 புள்ளி. கதையின் தெருவில் 37 வீடு, அந்தத் தெருவைக் கட்டிக் காப்பது முச்சந்தியில் போட்ட ஒரு கோலம். கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எல்லாப் புள்ளியையும் வளைத்துக்கொண்டு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். இப்போது தெருவில் கிணறு இடம் மாறுகிறது, மாமியார் மருமகளை "அத்தை" என்கிறாள், நேற்றைய சோறு நாளைக்கு வேகிறது. சார்ட் பேப்பரில் கோலத்தை வரைந்து மேசையில் விரித்து வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் கிணற்றடியில் பேயைத் தேடினோம். மகனைக் கூட்டிப் போக வந்த ஒரு அம்மா, வண்டிச் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே குனிந்து பார்த்து, "இங்க ஒரு புள்ளி குறையுதே தம்பி, அதான் கோடு சேரலை" என்றார். எண்ணினோம். 36. அவர் சொன்னது செல்லுமா செல்லாதா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. செல்லும் என்று செயற்குழு முடிவு செய்து, அவருக்குக் கௌரவ உறுப்பினர் அட்டையும் கொடுத்திருக்கிறது.

தெய்வங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. சேர்வராயன் சாமியைக் கதைக்குள் கொண்டுவரலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து ஜனங்கள் கூடிக் கும்பிடும் சாமியைப் பகடைக்குள் இழுப்பது முறையில்லை. லட்சுமியின் அக்கா தவ்வை, அதாவது மூதேவி, பற்றி மட்டும் முடிவு எட்டவில்லை. 167-ஆம் குறளில் செய்யவளோடு சேர்த்தே வருகிறவள், பல்லவர் சோழர் காலத்தில் சிலை வைத்துக் கும்பிட்டவள், காக்கைக் கொடி, கழுதை வாகனம். குலைவுக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று சிலர் கேட்டார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது வேறு: "கையில துடைப்பம் வெச்சிருக்கிறவ எப்படிங்க குப்பை போடுவா?" அந்தக் கேள்வியை வைத்தே அடுத்த ஆண்டு முதல் சந்திப்பை எழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் இருபது முகப் பகடை ஒன்று குறையும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது, லேடிஸ் சீட் காட்சிமுனையில் ஒரு ஆட்டம் போடலாம் என்று எடுத்துப் போன பச்சை நிறப் பகடை அது. திரும்பி வரும்போது வேனில் யாரோ உருட்டியிருக்கிறார்கள், சீட்டுக்கு அடியில் போய்விட்டது. என்ன எண் விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. கிடைத்தவர்கள் பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்
சேலம்