போன் தெருவரைக்கும் கொண்டுவிடும், தாயி

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தாயி,

ஜப்பான் போவதைப் பற்றிப் பேசும்போது "மேப் இருக்குப்பா, நான் பாத்துக்குவேன்" என்று நீ போனில் சொன்னதை உன் அம்மா நம்பவே இல்லை. நான் பாதி நம்பினேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

எனக்கு மேப் மேல் வெறுப்பில்லை. ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சிம்மக்கல், யானைக்கல் பக்கத்துச் சந்துகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நீதானே கணக்குத் திறந்து கொடுத்தாய். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த அந்த வரைபடத்தை உலகம் முழுக்க என்னைப் போல நேரம் இருக்கிறவர்கள்தான் நிரப்புகிறார்கள். ஆகவே புள்ளி வைக்கிறவனாகவே சொல்கிறேன்: வைத்தவர் வாசலில் வைத்தாரா, கொல்லைப்புறத்தில் வைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். பெரிய கம்பெனி மேப்பிலும் கடையின் புள்ளி கட்டடத்தின் நடுவில் இருக்கும். வாசல் அடுத்த தெருவில் இருக்கும். போவதற்கு முன் அந்த இடத்துக்கு மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களைத் திறந்து முகப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். வாசலுக்கு நேரே இருப்பது என்ன, அதுதான் முக்கியம்.

தபால் இலாகாவில் வேலை செய்தபோது நாங்கள் பார்த்தது இதுதான். 1972-ல் பின்கோடு வந்த பிறகு 625001 என்று ஆறு எண் போட்டால் பை தப்பாமல் மதுரைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே. பழைய நம்பர், புது நம்பர், 'மாடி', 'பின்கட்டு', 'தெருக்குழாய் எதிரில்'. பிள்ளையார் கோயில் தெரு என்று ஊருக்குள் எத்தனை இருக்கிறதென்று எண்ணி முடியாது. ஜப்பானில் உனக்கு அந்தக் கடைசி நூறு அடிதான் சோதனை.

அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. விலாசம் தெருவை வைத்து எழுதுவதில்லை. வட்டாரம், அதற்குள் பகுதி எண், அதற்குள் நாலு பக்கமும் தெரு சூழ்ந்த ஒரு துண்டு நிலத்துக்கு எண், அதற்குள் கட்டடத்துக்கு எண், இப்படிப் பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும். பழைய பகுதிகளில் 3-க்குப் பக்கத்தில் 4 இருக்கும் என்ற உறுதியும் இல்லை. வரிசையாகக் கதவிலக்கம் பார்த்து நடந்து பழகினவர்கள் அங்கே திண்டாடிப் போவார்கள். ஆகவே ஹோட்டல் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடாதே. ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலைந்து கிளை இருக்கும். பதிவுச் சீட்டில் உள்ள விலாசத்தை ஜப்பானிய எழுத்திலேயே நகலெடுத்து மேப்பில் ஒட்டு; ஏழு இலக்கத் தபால் எண்ணும் ஒத்துப் போகிறதா என்று பார். (தபால் எண்ணைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவார்?) ஹோட்டலின் போன் நம்பரையும் எழுதி வைத்துக்கொள். அங்கே டாக்ஸிக்காரர்கள் வண்டியிலிருக்கும் வழிகாட்டியில் போன் நம்பரைத் தட்டியே இடத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது விஷயம், நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். "சிக்னல் இல்லேன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று உன் சித்தப்பா சொன்னார் இல்லையா, அது தப்பு. போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் ஒவ்வொன்றும் 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த நேரத்தில் இதை அனுப்பினேன்' என்று தபால் முத்திரை குத்தினாற்போல ஒரு சேதியை ஓயாமல் அனுப்புகின்றன. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நாலு கோள்களாவது தெரிந்தால் நீ நிற்கும் இடம் கிடைக்கும். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் 300 மீட்டர் தள்ளிப் போகும். அதனால்தான் அந்தக் கோள்களுக்குள் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். இதற்கு சிம்மும் வேண்டாம், ரோமிங்கும் வேண்டாம். நெட் இருந்தால் புள்ளி வெரசாக வந்து உட்காரும், அவ்வளவுதான்.

நெட் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். அதைப் பெங்களூரிலேயே, வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள். ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ, மூன்றும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது: கூகுள் மேப்பில் இறக்கி வைத்த வரைபடம் நெட் இல்லாதபோது கார் வழியை மட்டும் சொல்லும், நடக்கும் வழியும் ரயில் வழியும் சொல்லாது. நீயோ நடக்கப் போகிறவள். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொள். அதில் நெட் இல்லாமலே நடைபாதை வரும். இரண்டையும் ஒருமுறை விமான மோடில் போட்டு, உன் அறையிலிருந்து ஆபீஸ் வரை நடந்து பார்த்துவிடு. அந்நிய ஊரில் போய் முதல் தடவை சோதனை செய்யக் கூடாது.

இனி ரயில் நிலையம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படி. ஒசாகாவில் உன் ஆபீஸ் இருக்கும் உமேதா பகுதியில் ஒரே இடத்தைச் சுற்றி ஆறேழு நிலையங்கள் இருக்கின்றன. ஜேஆர் என்ற கம்பெனியின் ரயிலில் போனால் அதற்கு 'ஒசாகா' என்று பெயர். சுரங்க ரயிலில் போனால் 'உமேதா', 'நிஷி உமேதா', 'ஹிகாஷி உமேதா'. ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற இரண்டு கம்பெனி ரயில்களும் தனித்தனியே 'ஒசாகா உமேதா' என்று வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் இணைத்துப் பூமிக்கடியில் கடைத்தெரு ஓடுகிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு, ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி மூன்றுக்குமே வெளியூர்க்காரர்கள் குழம்புவதை நீ பார்த்திருக்கிறாய். இங்கே அவை மைல் கணக்கில் தள்ளியாவது இருக்கின்றன. அங்கே ஒன்றின்மேல் ஒன்று. பூமிக்கடியில் கோள்களின் சேதி எட்டாது. நீலப் புள்ளி பொய் சொல்லும், அல்லது வந்த இடத்திலேயே நிற்கும். அங்கே போனை உள்ளே வை. தலைக்கு மேலே தொங்கும் பலகையைப் பார்.

பலகையில் தேட வேண்டியது வெளிவாசல் எண். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் வெளிவாசல்கள் மட்டும் இருநூறுக்கு மேல். தப்பான வாசலில் ஏறினால் தண்டவாளத்துக்கு அங்கிட்டுப் போய் நிற்பாய், இங்கிட்டு வர அரை மணி நடக்க வேண்டும். நம் மீனாட்சி கோயிலில் தெற்குக் கோபுரம் வழியாகப் போய் வடக்கே வெளியே வந்தவர்கள் செருப்பைத் தேடி அலைவதைப் போய்ப் பார், 2018-லிருந்து உள்ளே போனும் கொண்டுபோக முடியாததால் கூட வந்தவரைக் கூப்பிடவும் முடியாது. கூகுள் மேப் ஜப்பானில் ரயில் வழி சொல்லும்போது நடைமேடை எண்ணையும் வெளிவாசலின் எழுத்தையும் எண்ணையும் சேர்த்தே காட்டும். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள். அதே தண்டவாளத்தில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியும், பாதி ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் வேக வண்டியும் மாறி மாறி வரும். நேரத்தோடு வண்டியின் வகையையும் பார்த்து ஏறு. நள்ளிரவுக்குக் கிட்டத்தில் கடைசி ரயில் போய்விடும், விடிகிற வரை ஓடாது. நம் ஊரில் ராத்திரி முழுக்க மாட்டுத்தாவணியில் பஸ் கிடைக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளாதே.

வெளியே ஏறி வந்ததும் புள்ளி உடனே சரியாக வரும் என்று எதிர்பார்க்காதே. உயரமான கட்டடங்களில் சேதி மோதித் திரும்பி வந்தால் போன் தூரத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டுவிடும். தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்பதாகக் காட்டும். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 'மிச்சிபிகி' என்று சொந்தமாகச் செயற்கைக்கோள்கள் விட்டார்கள்; ஏதாவது ஒன்று எப்போதும் அவர்கள் தலைக்கு நேர் மேலே கிட்டத்தில் இருக்கும்படி பாதை போட்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் நாலு கோள்களோடு அந்தச் சேவை தொடங்கியது. அப்படியும் மேலே பாலமும் கீழே சாலையும் இருந்தால் போன் திணறும். நத்தம் ரோட்டில் பறக்கும் பாலத்தின் மேலே போகிறவனிடம் கீழே இருக்கிற சந்தில் திரும்பச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது போனுக்கு இன்னும் கஷ்டம். நின்ற இடத்தில் நிற்கும்போது அது உள்ளே இருக்கும் காந்தமானியை நம்புகிறது. சுற்றிலும் இரும்பு இருந்தால் அது குழம்பும். பத்தடி நடந்து, புள்ளி எங்கே நகர்கிறது என்று பார்த்து முடிவு செய். மேப்பை வடக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்துக்கொள்வது என் பழக்கம், உனக்கும் அதுதான் நல்லது. கீழ மாசி வீதி, வடக்கு வெளி வீதி என்று திசை வைத்தே பேசி வளர்ந்த பிள்ளை நீ. "லெஃப்ட் எடு, ரைட் எடு" என்று ஒரு குரல் சொல்லி நடக்க வேண்டிய அவசியமில்லை. கியோட்டோ போனால் உனக்கு ஊர் பிடிபடும். 794-ல் தலைநகராகக் கட்டம் கட்டமாக வகுத்த ஊர். அங்கே தெருக்களுக்குப் பெயர் உண்டு; இந்த இரண்டு தெருக்கள் கூடும் இடத்திலிருந்து வடக்கே, கிழக்கே என்று விலாசத்திலேயே எழுதுவார்கள். இன்னொன்று: மதுரையில் சித்திரை பிறந்து சில நாளுக்குப் பிறகு உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாயும், நம் நிழல் தெற்கே விழும். ஒசாகாவில் அது நடக்காது. வருஷம் முழுக்க மத்தியான நிழல் வடக்கேதான். ஆனால் தெருவோரம் நட்டிருக்கும் வரைபடப் பலகையை அப்படியே நம்பாதே. பல இடங்களில் வடக்கை மேலே வைக்காமல், நீ நிற்கும் பக்கத்துக்கு நேரே இருப்பதை மேலே வைத்து வரைந்திருப்பார்கள். அம்புக்குறியைப் பார்த்துக்கொள்.

நடக்கும்போது போனைப் பார்க்காதே என்று அம்மா உனக்குச் சொல்லிச் சலித்துவிட்டாள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் யமாட்டோ என்ற நகரத்தில் 2020-ல் அதற்கு விதியே போட்டுவிட்டார்கள், தண்டனை இல்லாவிட்டாலும். பார்க்க வேண்டுமானால் சுவரோரமாக ஒதுங்கி நின்று பார், பிறகு பைய நட.

எல்லாம் போய்விட்டால், சார்ஜும் இல்லை, வழியும் இல்லை என்றால், 'கோபான்' தேடு. தெருமுனைப் போலீஸ் சாவடி. நம் ஊர் ஸ்டேஷன் மாதிரி தயங்க வேண்டாம். வழி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, அந்த வட்டாரத்தின் விரிவான வரைபடம் மேஜையிலேயே இருக்கும். பாஷை தெரியாவிட்டாலும் விலாசச் சீட்டை நீட்டினால் போதும். அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. பூகம்பம் மாதிரி பெரிய ஆபத்து வந்து நெட்வொர்க் படுத்துவிட்டால், ஐந்து பூஜ்யமும் ஜப்பான் என்ற ஆங்கில எழுத்துகளும் உள்ள பெயரில் இலவச வைஃபை திறந்துவிடுவார்கள், பாஸ்வேர்ட் கிடையாது. சேதி சொல்ல மட்டும் வைத்துக்கொள், பேங்க் வேலை அதில் வேண்டாம்.

அம்மா வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் போடச் சொல்வாள். அதிகபட்சம் எட்டு மணி நேரம் போடலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். போடாதே. சார்ஜ் குறைவது ஒரு பக்கம். நீ ஒரு கடையில் அரை மணி நேரம் நூடுல்ஸ் சாப்பிட்டால் புள்ளி நகரவில்லை என்று இங்கே இவள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அதற்குப் பதில் காலையில் கிளம்பும்போது எங்கே போகிறாய், எந்த ரயிலில் திரும்புகிறாய் என்று ரெண்டு வரி எழுது. ராத்திரி அறைக்கு வந்ததும் ஒரு வரி. அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நீ படுக்கப் போகும்போது எங்களுக்கு சாயங்காலம்தான், தூக்கம் கெடாது. ஊர் தெரியாத இடத்தில் ராத்திரி தனியாக நடக்கிற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எனக்குப் போடு, அவளுக்கு வேண்டாம்.

பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் விட்டுவிடாதே, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவருக்கு மேல் வாங்காதே. அங்கே பிளக் இரண்டு தட்டைப் பின், நம் உருண்டைப் பின் நுழையாது. கரன்டும் 100 வோல்ட்தான். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. டவுன் ஹால் ரோட்டில் இரண்டு அடாப்டர் வாங்கித் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். ஸ்பீடு போஸ்ட். உன் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கட்டும், நீ ஆபீசிலிருந்து வருவதற்குள் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள். ஹோட்டல் விலாசத்தை ஜப்பானிய எழுத்தில் எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா