அந்த முக்கோணப் படத்தை எடுத்துவிடுங்கள்

திருச்சபை வரலாற்றுப் பாடநூல் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடக்குழுவினருக்கு வணக்கம்.

ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான மேலைத் திருச்சபையை நடத்தத் தொடங்கியதும் கரும்பலகையில் ஏறுவது ஒரு முக்கோணம். உச்சியில் திருத்தந்தை, கீழே வரிசையாகக் கர்தினால், பேராயர், ஆயர், பங்குக் குரு. அடுத்த பதிப்பில் இந்தப் படம் வேண்டாம். திருத்தந்தைத் தேர்தலில் ரோமையைச் சுற்றியுள்ள மறைமாவட்டங்களின் ஆயர்களான கர்தினால் ஆயர்களுக்கு முதலிடம் கிடைத்ததே 1059இல், இரண்டாம் நிக்கோலாசின் ஆணையால்தான். அதைக் கொண்டுபோய் 500ஆம் ஆண்டில் ஒட்டுவது காலக்குழப்பம்.

அன்றைய அமைப்பின் அச்சு மறைமாநிலம், அதாவது பல ஆயர்களின் மறைமாவட்டங்கள் சேர்ந்த பகுதி. 325இல் கூடிய நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் பேரவையின் 20 விதிகளில் நான்காவதும் ஐந்தாவதும் இதைச் சொல்கின்றன. ஓர் ஆயரை அந்த மாநிலத்து ஆயர்கள் எல்லாரும் சேர்ந்து நியமிக்க வேண்டும். முடியாதபோது குறைந்தது மூவராவது நேரில் கூடி, வராதவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே திருநிலைப்படுத்தலாம். உறுதிசெய்வது மாநிலத் தலைநகரின் ஆயரான மெட்ரோபொலிட்டன். ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத்துக்கு முன்பும் இலையுதிர் காலத்திலும், மாநில மன்றம் கூட வேண்டும். ஓர் ஆயர் ஒருவரைச் சபைநீக்கம் செய்தது நியாயமாகவா, சொந்தக் காழ்ப்பினாலா என்று விசாரிப்பது அதன் முக்கிய வேலை. மேல்முறையீட்டுக்கு முதல் படியே இதுதான்.

விதி நன்றாகத்தான் இருந்தது, நடைமுறையில் தேய்ந்துபோனது. 672இல் ஹெர்ட்ஃபர்டில் கூடிய ஆங்கில ஆயர்கள் தடைகள் பலவற்றைக் காரணம் காட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டு 1 அன்று கூடினால் போதும் என்று முடிவெடுத்தார்கள். இன்றைய பிரான்சு, ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்குகளின் நிலை இன்னும் மோசம். அங்கே 80 ஆண்டுகளுக்கு மேலாக மன்றமே கூடவில்லை, பேராயர் என்று ஒருவரும் இல்லை என்று ஜெர்மனியில் மறைபரப்பிய ஆயர் போனிபாஸ் 742இல் திருத்தந்தை சக்கரியாவுக்கு எழுதினார். ஆயர் நியமனத்தில் அரசரின் கை ஓங்கியிருந்த காலம் அது. மேலிருந்து கீழே கட்டளை இறங்கியதாகக் காட்டும் முக்கோணத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

இரண்டாவது கோரிக்கை, "திருச்சபைச் சட்டம் கூறியது" என்ற வாக்கியத்தைப் பற்றியது. அதிகாரபூர்வமான ஒரே சட்டநூல் என்று அன்று எதுவும் இல்லை. இருந்தவை கையால் பகர்த்தெடுத்த தொகுப்புகள். ஆகவே எந்தத் தொகுப்பு என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள். இதன் அவசியத்தைக் காட்ட அப்பியாரியுஸ் வழக்கு ஒன்றே போதும். வட ஆப்பிரிக்காவின் சிக்கா ஊரில் சபைநீக்கம் செய்யப்பட்ட இந்தக் குரு ரோமையிடம் முறையிட்டார். திருத்தந்தை சோசிமுஸ், நிசேயா விதி என்று சொல்லிச் சில விதிகளை எடுத்துக்காட்டித் தூதர்களை அனுப்பினார். ஆப்பிரிக்க ஆயர்களின் படிகளில் அவை இல்லை. 419இல் கார்த்தேஜில் கூடிய அவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் ஆளனுப்பி உண்மைப் படிகளை வரவழைத்தார்கள். அவற்றிலும் இல்லை. அவை 343 வாக்கில் கூடிய சார்திக்கா (இன்றைய பல்கேரியாவின் சோஃபியா) ஆயர் மன்றத்தின் விதிகள். ரோமையின் படிகளில் நிசேயாவின் 20 விதிகளுக்குப் பின்னால் தனித் தலைப்பில்லாமல் தொடர்ந்து எழுதப்பட்டிருந்ததுதான் குழப்பத்துக்கு மூலம்.

500 வாக்கில் ரோமையில் தியோனிசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி கிரேக்க விதிகளை லத்தீனில் புதிதாகப் பெயர்த்து, சிரீசியுஸ் முதல் இரண்டாம் அனஸ்தாசியுஸ் வரையிலான திருத்தந்தையரின் மடல்களையும் தொகுத்தார். அதன் விரிவாக்கிய படியை 774இல் திருத்தந்தை முதலாம் ஹேட்ரியன் பிராங்கு அரசர் சார்லமேனுக்குக் கொடுத்தார். அதே காலத்தில் ஸ்பெயினில் ஹிஸ்பானா, அயர்லாந்தில் ஹிபெர்நென்சிஸ் என வேறு தொகுப்புகளும் புழக்கத்தில் இருந்தன.

போலி இசிதோர் தொகுப்புக்குத் தனிப் பாடமே ஒதுக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி வட பிரான்சில் உருவான இது, தொடக்க நூற்றாண்டுத் திருத்தந்தையரின் பெயரில் பொய் மடல்களை நுழைத்தது. ரோமையின் அதிகாரத்தைப் பெருக்க ரோமையே செய்த மோசடி என்று எழுதுவது தவறு. குறிக்கோள், ஆயர்களை மெட்ரோபொலிட்டனிடமிருந்தும் அரசரிடமிருந்தும் காப்பது. ஆயரைக் குற்றம் சாட்டுவதையே ஏறக்குறைய முடியாத காரியமாக்கி, இறுதித் தீர்ப்பை எட்டாத தூரத்து ரோமைக்குத் தள்ளிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! மெட்ரோபொலிட்டனான ரைம்ஸ் பேராயர் ஹிங்க்மார் 862இல் பதவி நீக்கிய சுவாசோன் ஆயர் ரோதாது, ரோமையிடம் முறையிட்டு 865இல் பதவியைத் திரும்பப் பெற்றதையும் அந்தப் பாடத்திலேயே சேர்க்கலாம்.

முக்கோணம் இருந்த இடத்தில் இரண்டு பக்கங்களை எதிரெதிரே அச்சிடுங்கள். இடப்பக்கம் நிசேயா நான்காம் விதியின் தமிழாக்கம், வலப்பக்கம் போனிபாஸின் 742ஆம் ஆண்டு மடல்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள்