1905ஆ, 1975ஆ?

அன்புள்ள தேன்மொழிக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கிலாந்தின் லெஸ்டர் ஏலத்தில் நீ எடுத்த பழந்துணிப் பெட்டியின் படங்கள் வந்தன. பதினோரு உருப்படி, ஒன்றிலும் லேபிள் இல்லை. லேபிள் இல்லாததால் மிகப் பழசு என்று விற்றவர் சொன்னதை மறந்துவிடு. வீட்டில் தைத்த துணிக்கு எந்தக் காலத்திலும் லேபிள் கிடையாது. கடைச் சரக்கு என்றால் கழுத்தின் பின்புறத்தையும் பக்கத் தையலையும் லென்ஸ் வைத்துப் பார். வெட்டிய லேபிளின் நூல் மிச்சமோ வரிசையான ஊசித் துளையோ கண்ணில் படும். அமெரிக்கத் துணியில் இழை விவரம் 1960 மார்ச்சிலிருந்தும், துவைக்கும் முறை 1972 ஜூலையிலிருந்தும் கட்டாயம். பிரிட்டிஷ் துணியில் 'சிசி41' என்ற அரசுச் சிக்கனத் திட்ட முத்திரையைத் தேடு. இரண்டு சி எழுத்தும் வாய் திறந்த வட்டம் போல இருக்கும். 1941 முதல் 1952 வரை போட்டது அது. லேபிள் போனாலும் துணியிலேயே அச்சாகி மிஞ்சியிருக்கலாம்.

பார்த்து முடிக்கும்வரை எதையும் துவைக்காதே. காரணம் பிறகு.

வெள்ளை பிளவுசுக்கு வருகிறேன். காதுக்குக் கீழ் வரை ஏறிய காலர், முதுகில் பட்டன், இடுப்புக்கு மேல் புறா மார்பு போலப் பொங்கி விழும் முன்பக்கம். இந்த அமைப்பு 1900களின் முதல் பத்தாண்டுக்கு உரியது. ஆனால் 1970களில் இதே மோஸ்தர் திரும்பி வந்தது. படத்தில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. ஆகவே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிட்டு உட்கார்.

முதலில் லேஸ். பழையதில் பெரும்பாலும் லேஸுக்குப் பின்னால் துணியை வெட்டி எடுத்திருப்பார்கள். ஓரம் மெலிதாகச் சுருட்டித் தைத்திருக்கும், லேஸ் வழியே விரல் தெரியும். பிந்தையதில் பல நேரம் லேஸ் துணியின் மேலேயே ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும். அடுத்து தையல் ஓரம். இரண்டு முறை மடித்து மூடிய தையல் பழைய பக்கம் சாயும். மெல்லிய காட்டன் பிளவுசில் ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் மெஷின் நூல் சுற்றிப் போடும் தையல், இருந்தால் 1970கள் என்றுதான் நான் சாய்வேன். ஆனால் பின்னல் பனியன், உள்பாவாடை வகைகளில் இதைப் பிடித்துக்கொள்ளாதே. பின்னல் துணிக்கு ஓவர்லாக் மெஷின் 1880களிலேயே வந்துவிட்டது.

தீர்ப்பு சொல்வது நூல்தான். உள்தையலின் நுனியிலிருந்து 1 செ.மீ. நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் கொளுத்து. காகித வாசனையோடு பஞ்சுச் சாம்பலானால் காட்டன். உருகிக் கெட்டியான மணி திரண்டால் பாலியெஸ்டர் அல்லது நைலான். பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல். மேலே பஞ்சு சுற்றி உள்ளே பாலியெஸ்டர் வைத்த நூலும் உண்டு, அதனால் எரிந்த நுனியை நகத்தால் நெருடிப் பார். துணியையே நெருப்பில் காட்டிவிடாதே. பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் பொடியும். ஆனால் தகர உப்பு ஏற்றிக் கனமாக்கிய அந்தக் காலப் பட்டு எரிந்த பிறகும் இழையின் உருவம் அப்படியே நிற்கும். மடிப்பில் தானாகவே கிழிகிற பட்டும் பெரும்பாலும் அதுதான்.

இனி துவைக்காதே என்றதன் காரணம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சில் பாலியெஸ்டர் நூல் பல சமயம் நீல வெள்ளையாக மின்னும், பழைய காட்டன் மங்கலாகக் கிடக்கும். இன்றைய சலவைத்தூளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. ஒருமுறை அதில் நனைத்தால் 1905 துணியும் முழுக்க மின்னும், சாட்சி போய்விடும். முன்னால் யாரோ துவைத்திருந்தால் துணியும் நூலும் வேறு வேறு விதமாக மின்னுகின்றனவா என்று மட்டும் பார்.

பட்டன், கொக்கியை நம்பிப் பின்னோக்கிப் போகாதே. டிச் பட்டன் 1885இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது. ஆகவே அது இருப்பது அதற்கு முந்தையதல்ல என்று மட்டுமே காட்டும். அதுவும் முதலிலேயே தைத்ததாக இருந்தால்தான். பக்கத்தில் பழைய கொக்கியின் துருக்கறையோ காலித் துளையோ இருந்தால் யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள்.

நடுவில் கிழிந்தது என்று விற்றவர் எழுதிய உள்காலுடை கிழியவில்லை, தேனு! இரண்டு காலும் இடுப்புப்பட்டியில் மட்டும் சேரும். நடுவே தைப்பதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அதுதான் வழக்கம், 1900களின் தொடக்கத்திலும் நீடித்தது. அதில் சிவப்பு நூலில் 'எம்.எல். 12' என்றிருப்பதை 1912 என்று படிக்காதே. டஜன் கணக்கில் தைத்துச் சலவைக்குப் போடும்போது இட்ட வரிசை எண் அது.

பக்கத்தில் இரண்டு பட்டன் வைத்த ரேயான் ஜட்டியை மட்டும் தனியே எடுத்து வை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் மலாயா ரப்பர் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. நம் ஜனங்கள் பால் வடித்த தோட்டங்கள்தான் அவை. எலாஸ்டிக் அருகிப்போய், இடுப்புக்குப் பட்டன் வந்தது. இது போர்க்காலத்தது என்பது என் ஊகம். வீட்டுத் தையலென்றால் முன்பின்னாகலாம்.

கர்டிலை, அதுதான் வயிறு இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையை, விரல்நுனியால் மட்டும் இழு. நொறுங்கிப் பிசுபிசுத்தால் ரப்பர் மையத்தில் நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ். 1931இல் வந்தது, 60களிலும் ரப்பர் போட்டார்கள். ரப்பர் நூலே இல்லாமல் இன்னும் இழுபட்டால் லைக்ரா என்ற இழுபடும் செயற்கை இழை வகையாக இருக்கலாம், அப்படியானால் 1960களுக்கு முன் போகாது. கூம்பு கப்பில் வட்ட வட்டமாகத் தையல் ஓடும் பிராவுக்கு 1940களின் இறுதி முதல் 60களின் தொடக்கம் வரை என்று எழுதிவை.

ஏழாவது உருப்படியின் கைக்குழித் தையலை உள்பக்கமிருந்து, ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பு. அந்த ஒன்றுக்கு இன்னும் என்னால் வயது சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
மீனா