செயலாளரின் ஆண்டறிக்கை 2025, வெள்ளவத்தை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் இன்று முதன்முறையாக வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பால்புதுமையினரும் (ஒரே பாலினத்தவர் மீது ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோர்) அவர்களின் வீட்டாரும் தமிழில் மனம் விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்த வட்டத்தைத் தொடங்கினோம். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. மழையால் சில தள்ளிப்போயின.

இந்த வருடம் நாம் அதிகம் கேட்ட முறைப்பாடு குடியிருக்க இடம் கிடைக்காதது. எமது திருநங்கை உறுப்பினர் ஒருவர் தெஹிவளைப் பக்கம் ஓர் அனெக்ஸ் பார்த்து, வாடகை பேசி, முற்பணமும் கொடுத்துவிட்டார். அடையாள அட்டைப் பிரதி கேட்டார்கள். அட்டையில் இருந்ததோ பழைய பெயர், பழைய படம். அன்று பின்னேரமே, "ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கப்போகிறார்கள்" என்று முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி, மனநல வைத்திய நிபுணர் மூலம் பெறும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அப்புறம் அடையாள அட்டையையும் மாற்றலாம். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கந்தோர்களில் நாலு பேர் முன்னால் விளக்கம் சொல்லக் கூசித் தள்ளிப்போடுகிறார்கள். இப்போது எம்மில் ஒருவர் துணைக்குப் போகிறார். அந்த உறுப்பினரின் பிறப்புப் பதிவு திருத்தப்பட்டுவிட்டது. புது அட்டைக்குக் காத்திருக்கிறார்.

ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் இலங்கைச் சட்டம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை 1995இல் திருத்தியபோது நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். இவற்றை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. நீதிமன்றமே வழிவிட்ட பிறகும் தயங்கியதை இந்த வட்டம் மன்னிக்க முடியாது என்பதே என் கருத்து.

வெளிநாட்டுச் செய்திகளையும் கூட்டங்களில் பேசினோம். தாய்லாந்தில் ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி மணம் முடிக்கலாம். ஆனால் டிரினிடாட்டில் 2018இல் நீதிமன்றம் தள்ளிய, இதே மாதிரியான பழைய சட்டத்துக்கு இந்த மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. ஒரே பாலின உறவுக்கு எதிரான உகண்டாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில சந்தர்ப்பங்களுக்கு மரண தண்டனையே இருக்கிறது. தீர்ப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது, வீட்டு மனிதர்களின் மனமும் மாற வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

அந்த வகையில் மறக்க முடியாதது, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவை வாசித்த கூட்டம். வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய விளக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை 'மாற்றுகிறோம்' என்று செய்யும் சிகிச்சைகளுக்கும் தடை போட்டார். வாசித்து முடிந்ததும், வவுனியாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்: "நீதவானே படிச்சுத்தான் விளங்கிக்கொண்டவரெண்டால், எனக்கும் கொஞ்சம் நேரம் தருவீங்கள்தானே?" மகனுக்கு நூல் கட்டவும் அவசரமாகப் பெண் பார்க்கவும் ஓடித்திரிந்தவர் அவர். அடுத்த கூட்டத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவரைப் போன்றவர்களுக்காகவே வரும் வருடம் பெற்றோருக்குத் தனிக் கூட்டம் நடத்த செயற்குழு தீர்மானித்துள்ளது. சான்றிதழ் பெறும் வழியை விளக்கித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமும் அச்சிடுவோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

வாடகைக்கு அறையோ அனெக்ஸோ உள்ள உறுப்பினர்கள், தேநீருக்கு எழும்பும் முன் என்னிடம் பெயரைத் தந்துவிடுங்கள்.

செயலாளர்