ஞாயிறு மாலை: மோன்சா 2020 முழுப் பந்தயம்

நண்பர்களே, ஞாயிறு 6.30-க்கு கே.கே. நகர் மாடியில் மோன்சா தடத்தில் நடந்த 2020 இத்தாலிய கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தைத் திரையில் போடுகிறோம். பத்தாவதாகக் கிளம்பிய 24 வயது பியர் காஸ்லி, ஆல்ஃபாடௌரி மாதிரி சின்ன அணிக்கு ஜெயித்துக் கொடுத்த பந்தயம்.

19ஆம் சுற்றில் கண்ணை எடுக்காதீர்கள். காஸ்லி டயர் மாற்றி வந்த கையோடு இன்னொரு ஓட்டுநர் மாக்னுசனின் கார் பிட் (டயர் மாற்றும் இடம்) வாசலருகே நின்றுபோகும். எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் வரும், பிட்டை மூடுவார்கள். பரபோலிகா வளைவின் இடப்பக்கப் பலகையில் பிட் மூடியதைக் காட்டும் பெருக்கல் குறி மின்னும். அதைக் கவனிக்காமல் உள்ளே போன, முதலிடத்தில் ஓடிய ஹாமில்டனுக்கு பிட்டில் 10 நொடி நின்று போகும் தண்டனை.

ஏற்கெனவே டயர் மாற்றிவிட்ட காஸ்லிக்கு அதிர்ஷ்டம் அதோடு சரி. மோன்சாவின் நீண்ட நேர்ச்சாலையில் ஒட்டிப் பின்னால் வருகிற காருக்குக் காற்றுத் தடை குறையும். முன்னால் போகிறவர் தப்புவது பெரும்பாடு. அப்படியும் துரத்தி வந்த சைன்ஸைக் கடைசிவரை தடுத்து 0.415 நொடி வித்தியாசத்தில் காஸ்லி ஜெயித்தார், என்ன ஓட்டு!

ஆறேகாலுக்கே வந்துவிடுங்கள், கிளம்பும் காட்சி முக்கியம்.