காரிபா ஏரிக்கரை மக்களுக்கு ஒரு நன்றி மடல்

சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் அணை கட்டியதால் உருவான காரிபா ஏரியைப் பார்க்கும் ஆசை இப்போதுதான் கைகூடியது. போய்வந்த ஒன்பது நாளும் யாராவது ஒருவர் கைகொடுத்தபடியே இருந்தீர்கள். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் மொழியில் சொன்னால்தான் எனக்கு மனசு நிறையும்.

முதலில் லுசாக்கா அண்ணனுக்கும் அண்ணிக்கும். வண்டியைக் கொடுத்ததோடு, எல்லை தாண்ட என்னென்ன காகிதம் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியும் கொடுத்தீர்கள். அங்கே எல்லையைக் கடப்பது அணை மேலேதான். இந்தப் பக்கம் சாம்பியாவின் சியாவொங்கா, அந்தப் பக்கம் ஜிம்பாப்வே, நடுவில் சாம்பெசி நதியை மறித்து நிற்கும் 128 மீட்டர் உயரச் சுவர். காகிதம் ஒன்று குறைந்திருந்தாலும் திரும்பியிருப்பேன்.

அப்புறம், ஜிம்பாப்வே பக்கத்து மட்டுசடோனா தேசியப் பூங்காவின் கரையோரமாக மூன்று நாள் கூட்டிப்போன படகோட்டி ஐயாவுக்கு. தண்ணீரில் பட்டுப்போய் நிற்கும் மோபானி மரங்களையும், அவற்றில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்களையும் நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் என்ஜினை நிறுத்திவிட்டு, "நாம் இப்போது காட்டின் மேல் மிதக்கிறோம்" என்றீர்கள். அதன் பிறகு ஏரி எனக்கு வேறாகத் தெரிந்தது. 1958 டிசம்பரில் அணையை மூடியதும் தண்ணீர் ஏறி, மேடுகள் தீவுகளாகி, விலங்குகள் அவற்றில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னீர்கள். ரூபர்ட் ஃபாதர்கில் தலைமையில் ஒரு குழு படகுகளில் போய், 6,000க்கும் மேற்பட்ட விலங்குகளைக் கரை சேர்த்தது. சாதாரணக் கயிறு கால்களை அறுத்ததால், பெண்கள் கொடுத்த பழைய நைலான் காலுறைகளைப் பின்னிக் கட்டினார்களாம். தண்ணீர் வடிந்த கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலுறைகள்தான் ஞாபகம் வந்தன.

நீர்யானை இறங்கும் தடத்தில் நின்ற என்னைத் தோளைப் பிடித்து இழுத்த பூங்காக் காவலருக்கும் நன்றி. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கக்கூடாது என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை, தண்ணீருக்கு அடியில் இருந்த மரக்கட்டை ஒன்றில் மோதி எங்கள் படகின் விசிறி உடைந்தது. இருட்டப் போகிறது, சுற்றிலும் முதலைகள். அப்போது கபென்டா என்ற சின்ன மீனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ரிக் ஒன்று, அதாவது மிதவை மேடைப் படகு, நின்றது. தம்பிகளா, எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, எங்களையும் மேலே ஏற்றிக்கொண்டீர்கள். விளக்கைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டதும் கீழே கபென்டா வெள்ளியாகத் திரண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. நெத்திலி அளவுதான் இருக்கும். 1960களின் கடைசியில் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது; இன்று இரண்டு நாட்டுக் கரைகளிலும் அதை நம்பித்தான் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. அதைத் துரத்தி வந்த டைகர் மீன்கள் வலையோரம் துள்ளின. நிலா வெளிச்சத்தில் மீன் கூடாது, பௌர்ணமியை ஒட்டித்தான் எங்களுக்கு ஓய்வு என்றீர்கள். விடியும்வரை வலையை இழுத்த கைகளால் எங்களுக்குச் சட்ஸா என்ற சோளமாவுக் களியும் வறுத்த கபென்டாவும் வைத்தீர்கள். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை.

லுசிட்டு ஊர்ப் பாட்டி, உங்களைக் கடைசியில் சொன்னாலும் முதலில் சந்தித்தது உங்களைத்தான். போகும்போது உங்கள் வீட்டு வாசலில்தான் டயர் வெடித்தது. யார் எவர் என்று கேட்காமல் அன்றிரவு தங்க இடம் கொடுத்தீர்கள். அணைக்காக இரு கரைகளிலும் சுமார் 57,000 டோங்கா மக்களை வெளியேற்றியபோது நீங்கள் சின்னப் பெண். எதிர்க்கரை அத்தை வீட்டுக்குத் தோணியில் போய்வந்ததைச் சொன்னீர்கள். "விலங்குகளுக்குப் படகு வந்தது, எங்களுக்கு லாரி வந்தது" என்றும் சொன்னீர்கள். கோபமே இல்லாமல்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நதித் தெய்வமான நியாமிநியாமியை அந்தச் சுவர் அதன் துணையிடமிருந்து பிரித்துவிட்டது என்று உங்கள் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது.

காலையில் கிளம்பும்போது, அந்தக் கரை இப்போது எப்படி இருக்கிறதென்று படம் எடுத்து வரச் சொன்னீர்கள். பதினான்கு படங்கள் எடுத்து, பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன், பாட்டி. அடுத்த மாதம் நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன்.