348 கிலோமீட்டர்

பாரிஸ்

அன்புள்ள மச்சான்,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். மாமிக்கு இருமல் எப்படி இருக்கிறது? வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாரே, அது கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. என் பயணச்சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்பதரைக்கு ஏறி ஒன்பது ஐம்பதுக்கு இறங்கினாயா, தம்பி?" என்று வியந்தார். லண்டன் மணிக்கூடு பாரிஸுக்கு ஒரு மணி நேரம் பிந்தி ஓடுவதால் அப்படித் தெரிகிறது என்று சொல். உண்மையில் ஒரு மணி இருபது நிமிடம். அதிலும் தரையில் ஊர்வது போக, வானத்தில் முக்கால் மணி நேரம்தான். பாரிஸின் சார்ள் து கோல் விமானநிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 348 கிலோமீட்டர். நாம் யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போன தூரத்தைவிடக் குறைவு! தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடிப்பதற்குள் கீழே கடல். மூடி திருகி முடியவில்லை, வெள்ளைச் சுண்ணாம்புக் கரை வந்துவிட்டது.

ஆனால் நான் லா கூர்நெவில் என் வீட்டுக் கதவைப் பூட்டியது காலை ஆறு மணிக்கு. லண்டன் ஈஸ்ட்ஹாமில் உன் அழைப்புமணியை அழுத்தியபோது பாரிஸில் ஒன்றேகால். ஏழேகால் மணி நேரம், மச்சான். யாழ்தேவிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே எடுக்கும்! பரிசோதனை வரிசை, வாயிலில் காத்திருப்பு, கடவுச்சீட்டு வரிசை, பிறகு நகரின் மேற்கு முனையிலிருந்து கிழக்குவரை சுரங்க ரயில். எல்லாம் தரையில் போன நேரம்.

விமானநிலையத்துக்குப் போகும் ரயில் லு பூர்ஷேயைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 1919 நினைவு வரும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25இல்தான் லண்டன் – பாரிஸ் தினசரி விமான சேவை தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து ஒரேயொரு பயணியோடும் செய்தித்தாள் கட்டுகளோடும் கிளம்பிய சின்ன விமானம் இரண்டரை மணி நேரத்தில் லு பூர்ஷேயில் இறங்கியது. நூறு ஆண்டுகளில் பறக்கும் நேரம் மூன்றிலொன்றாகிவிட்டது. அந்த ஒற்றைப் பயணி என்னைப்போல் மூன்று வரிசைகளில் நின்றிருக்கமாட்டார்.

அதனால் நீ விமானத்தில் வராதே. செயின்ட் பாங்க்ராஸில் ரயில் ஏறு. 50 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கத்தைக் கடந்து இரண்டு மணி இருபது நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையம் வந்துவிடும். கடவுச்சீட்டுச் சோதனையை ஏறுமுன்பே முடித்துவிடுவார்கள். இறங்கினால் லாச்சப்பல் நடக்கும் தூரம். அங்குள்ள நம் தமிழ்க் கடைகளின் கறித்தூள் வாசமே வழிகாட்டும்.

இங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு வா. பாரிஸ் தெருவில் தேங்காய் குவித்து உடைப்பதை மாமி ஒருமுறை பார்க்கவேண்டும். சக்கர நாற்காலிக்கு ரயிலில் இடம் இருக்கிறது. முன்பே பதிந்தால் போதும்.

நாள் உறுதியானதும் சொல். நான் மேடை முடிவிலேயே நிற்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்